கவிழ்த்துக் காட்டும் செம்பு

ஆவடியில் பால் வாசலுக்கு நடந்து வருகிறது. பக்கத்துக் கோவில்பதாகையிலிருந்து பால்காரர் கன்னியப்பன் எருமையை ஓட்டிவந்து, கறக்குமுன் தன் செம்பைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே தண்ணீர் இல்லை என்று காட்டுவார். யாழ்ப்பாணத்தில் எங்கள் மாட்டுக்கொட்டிலில் அம்மா யாருக்குக் காட்டினாள்? வந்த புதிதில் கூச்சப்பட்டு, "வேண்டாம் அண்ணை, நான் நம்புறன்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாம்மா, காட்டாம கறந்தா நாளிக்கு நீயே தண்ணின்னுவே. நம்பறவங்கதான் மொதல்ல சண்டைக்கு வராங்கோ."

என் மகன் குகனுக்கு ஐந்து வயது. காது கேட்கும், பேச்சில்லை. முகம் பார்க்கமாட்டான். ஏதும் வேண்டுமென்றால் என் கையை ஒரு கம்பைப்போலப் பிடித்துக்கொண்டு போய் அதன்மேல் வைப்பான். பட்டாளக் கிடங்கில் கிளார்க்காக இருக்கும் என் கணவர், தை பிறந்ததும் அவனை ஊரில் என் அம்மாவிடம் விட்டுவிடலாம் என்றார். "இங்கை ஒரு பள்ளிக்கூடமும் எடுக்காது."

ஆனால் செம்பு கவிழும்போது மட்டும் குகன் ஓடிவருவதைக் கண்டேன். செம்பைப் பார்ப்பான், ஒரு கணம் கன்னியப்பனின் முகத்தையும் பார்ப்பான். அந்தக் கணத்தை நான் பிடித்துக்கொண்டேன். அவன் டம்ளரில் ஒரு வாய்ப் பால் மட்டும் ஊற்றுவேன். குடித்ததும் என் வெறும் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டி, "முடிஞ்சுது" என்று சொல்லி, அவனும் அப்படிக் காட்டிக் கேட்கட்டும் என்று காத்திருப்பேன். அவன் என் கையை இழுப்பான். மெல்ல விடுவித்துக்கொண்டு மறுபடி காட்டுவேன். "பிள்ளையை ஏன் சொட்டுச் சொட்டாய் வதைக்கிறீர்?" என்று கணவர் கேட்டார். படித்த எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. சில நாள் அவனோடு சேர்ந்து நானும் அழுதேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, குடித்து முடித்தவன் என் கையைத் தொடவில்லை. டம்ளரைக் கவிழ்த்தான். கடைசித் துளி தரையில் விழுந்தது. பிறகு நிமிர்ந்து என் கண்களைப் பார்த்தான். பார்த்துக் காத்திருந்தான். நான் ஊற்றிய பாலில் பாதி வெளியே போயிற்று. தற்செயலாக இருக்குமோ என்று உடனே சந்தேகமும் வந்தது. மறுநாள் காலை அவன் வாசலுக்குப் போய்க் கன்னியப்பனிடமும் கவிழ்த்துக் காட்டினான்.

"அட நைனா, எனுக்கே காட்றியா நீ?" என்று சிரித்து, மடியிலிருந்து நேரே டம்ளரில் பீய்ச்சினார் அவர். என் கணவர் சப்பாத்தில் ஒரு காலை நுழைத்தபடி அப்படியே நின்றார். தைப் பேச்சு அதன்பிறகு எழவில்லை.

ஊரிலும் கொழும்பிலும் இதை வாசிக்கும் தாய்மாரே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், எதைப் பார்க்க ஓடுகிறான் என்று கவனியுங்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சித்திரை விடுமுறைக்குக் கப்பலேறுகிறோம். அம்மா தன் பசுவைத் தானே கறப்பவள், யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டாதவள். இருந்தாலும், கறக்குமுன் செம்பைக் கவிழ்த்துக் குகனுக்குக் காட்டும்படி எழுதியிருக்கிறேன். எங்கள் சொந்தக் கொட்டிலில், வெறுஞ்செம்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஆவடிப் பால்காரரைப்போல அவள் நிற்பது இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது.