பங்காக் கயிறும் என் பரீட்சையும்

சபையாருக்கு ஸ்தோத்திரம். எத்தனையோ வருஷம் கோர்ட்டில் அடுத்தவர்களுடைய சாட்சியை மொழிமாற்றிச் சொன்ன வாய் இது. திருடன் சொன்னதையும் சொல்லியிருக்கிறேன், திருட்டுக் கொடுத்தவன் அழுததையும் சொல்லியிருக்கிறேன். என் சொந்தச் சாட்சியை இன்றைக்குத்தான் சொல்ல எழுந்திருக்கிறேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன் நான். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

புது ராஜாவுக்கு முடிசூட்டு என்று ஊரெல்லாம் விளக்குப் போட்டார்களே, அந்த வருஷம். அப்போது நாங்கள் சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில், மாட்டுக் கொட்டகைகளுக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருந்தோம். இன்றைக்கு அங்கே வரிசையாகக் கடைகள். அன்றைக்கு மழை பெய்தால் முழங்கால் வரை சேறு. எருமை வழிவிட்டால்தான் மனுஷன் போகலாம்.

என் வேலை போலீஸ் கோர்ட்டில் பங்கா இழுப்பது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் பங்காவைப் பார்த்திருக்க மாட்டார்கள். கூரையிலிருந்து நீளமான துணி விசிறி தொங்கும். அதன் கயிற்றைக் கதவோரம் உட்கார்ந்து நாளெல்லாம் இழுத்து இழுத்து விட வேண்டும். நிறுத்தினால் துரைக்கு வேர்க்கும். துரைக்கு வேர்த்தால் நமக்கு ஏச்சு விழும்.

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்தது. கோர்ட்டில் ஒவ்வோர் அறையாக மின்சார விசிறி மாட்டப்போகிறார்கள், பங்காக்காரர்களை நிறுத்திவிடுவார்கள் என்று எங்கள் தலைமை எழுத்தர், ஹெட் கிராணி, சொன்னார். என் மனைவி ஞானம்மாவுக்கு அப்போது தலைப்பிரசவ மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் தோட்டத்துக்குப் போவதைத் தவிர எனக்கு வழி தெரியவில்லை. டிராமில் வீடு திரும்பும்போது ஆட்கள் பார்க்க அழுதேன். வெட்கப்படவில்லை.

காலையில் இரண்டு பேரும் முழங்கால் போட்டோம். ஆண்டவரே, அந்தக் கரண்டை நிறுத்தும் என்று ஜெபித்தேன். ஞானம்மா பாதியில் கண்ணைத் திறந்துவிட்டாள்.

"ஏங்க, ஊருக்கே வெளிச்சம் வருது. உங்க ஒரு கயித்துக்காக அத நிறுத்தணுமா? வேற வழி காட்டுங்கன்னு கேளுங்க."

அப்படியே மாற்றிக் கேட்டேன். அந்த வாரமே கோர்ட்டில் சாட்சியை மொழிமாற்றிச் சொல்லும் தமிழ்த் துபாசி வேலை காலியானது. பரீட்சை வைத்துத்தான் ஆள் எடுப்பார்கள். ஒரு தமிழ் மனுவை வாசித்து இங்கிலீஷில் சொல்ல வேண்டும். மலாயில் கேட்டால் மலாயிலும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்திருக்க வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. கிராணியே அறிவிப்பை இரண்டு தரம் பார்த்துவிட்டு, சரி போ என்று என் பெயரைச் சேர்த்தார்.

இங்கிலீஷும் மலாயும் வருஷக்கணக்காகக் கோர்ட்டில் கேட்டுக் கேட்டு என் காதில் ஏறியவை. வேலையை விட்டுவிட்டுப் படிக்க முடியுமா? கயிறு கையில் இருக்கும்போதே படித்தேன். கூண்டில் நிற்கிறவர் பேசப் பேச, கயிற்றை இழுக்கும்போது தமிழை வாங்கிக்கொள்வேன். விடும்போது இங்கிலீஷை முணுமுணுப்பேன். இழுத்தால் தமிழ், விட்டால் இங்கிலீஷ். நாளெல்லாம் அதுதான். அடுத்த அறையில் இழுக்கிற காளியப்பன் எட்டிப் பார்த்துச் சிரிப்பான்.

"என்னண்ணே, கயித்துக்கிட்டப் பேசுறீங்க? அது பதில் சொல்லுதா?"

"சொல்லுதுடா. உனக்குத்தான் இங்கிலீஷ் புரியாது."

எழுத்து ஞானம்மா கொடுத்த பிச்சை. அவள் மிஷன் பள்ளியில் கொஞ்சம் படித்தவள். நான் வேலை முடிந்து வந்ததும் அடுப்புக்கரியால் சுவரில் எழுதிப்போட்டு, சோறு வேகிறதற்குள் வாசிக்கச் சொல்வாள். தடுமாறினால், "கொட்டகையில கட்டியிருக்கிற எருமகூட இந்நேரம் வாசிச்சிருக்கும்" என்பாள். அவளுக்கு வாய் அப்படி. மனசு தங்கம்.

பரீட்சை நாள் வந்தது. கோர்ட்டில் இல்லை, வேறொரு கவர்மெண்ட் ஆபீஸில். கோட்டுப் போட்ட பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்து உள்ளே போனேன். இரண்டு துரைகள். தலைக்கு மேலே புது மின்சார விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தமிழ் மனுவை வாசித்தேன், ஒரு பிழை இல்லை. இங்கிலீஷில் சொல் என்றார்கள்.

வரவில்லை. ஒரு வார்த்தை வரவில்லை.

மனு முழுவதும் எனக்குப் புரிந்திருந்தது. ஆனால் கை சும்மா தொங்கியது. கயிறு இல்லாமல் நான் ஒரு நாளும் பேசிப் பழகவில்லையே. அது அப்போதுதான் உறைத்தது. சின்னத் துரை பேனாவை மூடினார். ஞானம்மாவும் பிறக்காத பிள்ளையும் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். ஆண்டவரே, என் வாயைத் திறவும் என்று உள்ளுக்குள் கூப்பிட்டேன். வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

தலைக்கு மேலே விசிறி மெதுவாகச் சுற்றி, நின்றுபோனது. கரண்ட் போய்விட்டது.

மத்தியான வெயில். துரைகளுக்கு வேர்த்துக் கொட்டியது. பழைய பங்காவை இன்னும் கழற்றவில்லை, கயிறு ஆணியில் சுருட்டி மாட்டியிருந்தது. பியூனைக் கூப்பிட்டார்கள், ஆளைக் காணோம். பெரிய துரை என்னை உற்றுப் பார்த்தார். நீ போலீஸ் கோர்ட்டில் இழுக்கிறவன்தானே, பியூன் வரும் வரை இதை இழு, பிறகு பார்க்கலாம் என்றார்.

கயிற்றைப் பிடித்தேன். ஓர் இழுப்பு. கை தானாக விட்டது. விட்டதும் இங்கிலீஷ் வந்து நாக்கில் நின்றது. இழுத்துக்கொண்டே சொல்லட்டுமா என்று கேட்டேன். பெரிய துரை சிரித்துவிட்டு, சொல் என்றார். மனு முழுவதும் சொன்னேன். மலாயில் கேட்டார், மலாயில் சொன்னேன். இன்னொரு மனு கொடுத்தார், அதையும் சொன்னேன். கரண்ட் எப்போது திரும்பி வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் முடித்து நிமிர்ந்தபோது மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

வேலை எனக்குத்தான் கிடைத்தது. காளியப்பன்தான் முதலில் வந்து கையைப் பிடித்தான்.

"இனிமே நீங்க நின்னு பேசுங்க, நான் காத்து வீசுறேன்லா."

அவன் இழுத்த பங்காவும் போனபோது, கிராணியிடம் சொல்லி அவனைப் பியூனாக்கினேன். என் மகள் துபாசி மகளாகப் பிறந்தாள். கோட்டு மாட்டிக்கொண்டு அந்த மாட்டுக் கொட்டகைச் சந்தில் நான் நடந்தால், எருமை வழிவிட்டதோ இல்லையோ, மனுஷர் விட்டார்கள். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். கொடுத்தவர் பெரியவராக இருக்கும்போது நான் ஏன் அடக்கிச் சொல்ல வேண்டும்?

கோர்ட்டில் கடைசிப் பங்காவை இறக்கின அன்று, அதன் கயிற்றில் ஒரு சாண் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஓய்வு பெறும் வரை அது என் கோட்டுப் பையில் இருந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள், நான் எழுந்ததிலிருந்து என் வலது கை சட்டைப் பையிலிருந்து வெளியே வரவில்லை. இதோ, இந்தக் கயிறுதான்.

முடியாது என்று உட்கார்ந்திருக்கிறவர்கள் இங்கே இருந்தால், இன்றைக்கே அவரிடம் கேளுங்கள். உங்கள் கையில் என்ன கொடுத்தால் உங்கள் வாய் திறக்கும் என்று அவருக்குத் தெரியும். நான் அவரிடம் கயிறு கேட்கவில்லை.