நங்கூரக் கட்டம்

அந்தப் பலகையில் ஒரு கட்டம் மட்டும் மற்றவற்றைவிட மேடாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் விரல் அங்கே போய் இடறும். தேயிலைப் பெட்டியைப் பிரித்தெடுத்த பலகை அது. அதன்மேல் பழைய காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தைக் கஞ்சிப் பசையால் ஒட்டி, பச்சை மசியில் கட்டம் கட்டமாக வரைந்திருந்தது. கடைசிக் கட்டத்துக்கு முந்தைய கட்டத்தில்தான் தாளுக்குமேல் தாளாக அத்தனை ஒட்டு. எத்தனை என்று எண்ணிப் பார்க்க எனக்குப் பொறுமை இருந்ததில்லை. ஒவ்வொரு ஒட்டுக்கும் வீட்டில் பஞ்சாயத்து நடந்தது, ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் டீ போட்டவள் நான். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

போன மாதம் அதை மறுபடி வெளியே எடுக்க வேண்டிவந்தது. பெங்களூரில் ஒரு கம்பெனியில் போனில் ஆடுகிற கேம் செய்யும் என் தம்பி மகள் லீவுக்குப் போர்ட் பிளேர் வந்திருந்தாள். கடலைப் பார்க்க வந்தவள் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், முகம் வேறு சுண்டிப்போயிருந்தது. என்னடி என்று கேட்டதற்கு, கேம் ஆடுகிறவர்கள் எழுதி அனுப்பியதில் ஒன்றிரண்டை வாசித்துக் காட்டினாள். மூன்று வருஷமாகத் தினமும் இந்த கேமை ஆடுகிறேன், இதைவிடக் கேவலமான கேம் உலகத்தில் இல்லை என்று ஒருவன் எழுதியிருந்தான். இதைச் செய்தவர்களை வேலையைவிட்டுத் துரத்த வேண்டும் என்று இன்னொருவன். இவ்வளவுக்கும் காரணம், ஆட்டத்தில் வருகிற ஒரு வாளின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டார்களாம். அதைக் குறைத்தது இவள்கூட இல்லை. "நாளைக்கு ஒரு பேட்ச் போட்டா அடங்கிடுவாங்க அத்தை" என்றாள். பேட்ச் என்றால் என்ன என்று கேட்டேன். ஒட்டுப் போடுகிற மாதிரி என்றாள். அடங்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, டிரங்குப் பெட்டியைத் திறக்கப் போனேன்.

அறுபதுகளின் பின்பாதியில் நான் கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்தபோது, வீட்டில் என் கணவரோடு அவர் தம்பியும் இருந்தார். கொழுந்தனாருக்குக் கப்பல் டிக்கெட் கொடுக்கும் கவுண்டரில் வேலை. கூச்ச சுபாவம், தானாக யாரிடமும் போய்ப் பேசத் தெரியாது. மழைக்காலத்தில் மெயின்லேண்ட் கப்பல் வராத வாரங்களில் கவுண்டரில் ஆளே இருக்காது. கடிதம் வராது, பத்திரிகை வராது, கடையில் உருளைக்கிழங்கு இருக்காது. அப்படி ஒரு மழை வாரத்தில்தான் கப்பலாட்டத்தை வரைந்தார். நாலு பேர் வந்து எதிரே உட்கார்ந்து ஆட வேண்டும், கூட உட்கார்ந்து தானும் ஆட வேண்டும். அந்த மனிதருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த நாலு பேரில் ஒருவருக்குக்கூட அது கடைசிவரை தோன்றவில்லை.

மெட்ராஸ் துறைமுகத்தில் ஏறி போர்ட் பிளேர் ஜெட்டியில் இறங்க வேண்டும். சோழி உருட்டிக் காய் நகர்த்துவது. வழியில் வாந்திக் கட்டம், சாப்பாடு தீர்ந்துபோன கட்டம், மீன் கூட்டத்தை வேடிக்கை பார்த்ததில் இரண்டு கட்டம் முன்னே போகிற கட்டம் என்று என்னென்னவோ இருந்தது. ஜெட்டிக்கு முன்னால் நங்கூரக் கட்டம். அதில் காய் விழுந்தால் தாயம் விழும்வரை அங்கேயே நிற்க வேண்டும். அந்தக் கப்பலில் வந்தவர்கள் எல்லாருக்கும் அது தெரிந்த கதைதான். ஊர் தெரியும், கரையில் நிற்கும் மாமா தெரிவார், இறங்க விடமாட்டார்கள். "கரை தெரியுது அண்ணி, இறங்க முடியலை. அதுதான் ஆட்டமே" என்று என்னிடம் காட்டிச் சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஆட்டம் பிடித்துக்கொண்டது. பார்த்தவர்கள் எல்லாம் நகல் எடுத்தார்கள். அபர்டீன் பஜாரில் கடைக்குக் கடை அட்டையிலும் பலகையிலும் வரைந்து ஆடினார்கள். தமிழ் தெரியாத வங்காளிக் கடைக்காரர்கூட கட்டத்துக்குக் கட்டம் படம் போட்டு ஆடினார். அதோடு எங்கள் வீட்டு நிம்மதி போயிற்று.

முதலில் வந்தவர் பஜாரில் எல்லாருக்கும் தெரிந்த கான்ட்ராக்டர். மதுரைப் பக்கத்து ஆள், நல்ல மனுஷர்தான், வாய்தான் அடங்காது. "அரே தம்பி, உன் ஆட்டம் மாதிரி ஒண்ணு கிடையாதுப்பா. ராத்திரி தூங்கினா கனவுலயும் அதுதான் வருது. ஆனா அந்த நங்கூரம் இருக்கே, அது மனுசன் போடுற கட்டமா?" என்றார். கொழுந்தனார் யோசித்தார். ஒரு சின்னத் தாளில், மூன்று முறை உருட்டியும் தாயம் விழாவிட்டால் இறங்கிவிடலாம் என்று எழுதி அந்தக் கட்டத்தின்மேல் ஒட்டினார். கான்ட்ராக்டர் டீயைக் குடித்துவிட்டுத் திருப்தியாகப் போனார். அடுத்த ஞாயிறு அவரே திரும்பி வந்தார், கூட நாலு பேரோடு. ஆட்டத்தில் காரமே போய்விட்டதாம், எல்லாரும் சட்டென்று கரை ஏறிவிடுகிறார்களாம். "யாரைக் கேட்டுய்யா மாத்தினே?" என்றார். நான் டம்ளரோடு வாசற்படியில் நின்றேன். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை.

அப்புறம் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் வந்தார். விதிகள் இலக்கணம்போல் இருக்க வேண்டும் என்று பாடம் நடத்தினார். அவருக்காக ஒரு ஒட்டு. வாத்தியார் விதி குழப்பமாக இருக்கிறது என்று பஜாரிலிருந்து புகார். அதற்கு ஒரு ஒட்டு. நாங்கள் கொடுத்த சோழியை ராவி வைத்திருக்கிறோம், அதனால்தான் என் வீட்டுக்காரர் ஜெயிக்கிறார் என்று ஒரு பேச்சு. கொழுந்தனாருக்கு நங்கூரம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், பிடிக்கவில்லை என்று சொன்ன ஒருவரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. திட்டிவிட்டுப் போய் ஆடினார்கள், ஆடிவிட்டு வந்து திட்டினார்கள். பிடிக்காத குழம்பை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு உப்பில்லை என்பவர்களை என்ன செய்வது?

இதில் எனக்குத் தாங்க முடியாதது ஒன்றுதான். அவர்கள் எங்கள் கூடத்திலேயே பலகையைப் போட்டு ஆடும்போது கொழுந்தனாரும் ஆசையாக ஒரு காயை எடுத்துக்கொண்டு உட்காருவார். "செஞ்சவன் ஆடினா எப்படிப்பா? சூட்சுமமெல்லாம் உனக்குத்தான் தெரியுமே" என்று காயை வாங்கி வைத்துவிடுவார்கள். "சோழிக்கு என்னைத் தெரியாதுங்க" என்று அவர் மெல்லச் சொல்வார். அதைக் கேட்டு எல்லாரும் சிரிப்பார்கள், இடம் மட்டும் தரமாட்டார்கள். அவர் சுவரோரமாக உட்கார்ந்து, யார் எதைக் குறை சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் நிஜக் கப்பலே உள்ளே வர முடியாமல் வெளியே நின்றுவிட்டது. காற்று அப்படி. கான்ட்ராக்டரின் சிமெண்ட் மூட்டைகளும் அவர் மாமியாரும் அந்தக் கப்பலில் இருந்தார்கள். "இவன் கட்டம் போட்டான், ஜஹாஜ் நின்னுருச்சு. கருநாக்கு மாதிரி இவனுக்குக் கருங்கை" என்று ஜெட்டியில் யாரோ சொல்ல, கூட்டம் அதைச் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள் சிரிப்புப் போய்க் கோபம் மட்டும் மிஞ்சியது. கவுண்டரில் போய்க் கத்தினார்கள். அதோடு விடாமல் கான்ட்ராக்டர் வீட்டுக்கும் வந்து, "அந்தக் கட்டத்தை இப்பவே அழிச்சுடு தம்பி" என்றார். அந்தக் காற்றையே கொழுந்தனார்தான் ஊதிவிட்டதுபோல் இருந்தது அவர் பேச்சு. கொழுந்தனார் கத்தரிக்கோலும் பசையும் எடுத்துவரப் போனார். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. "இனிமே இந்த வீட்டுல ஒட்டும் கிடையாது, டீயும் கிடையாது. பிடிக்கலைன்னா நீங்களே ஒரு ஆட்டம் செஞ்சு ஆடிக்குங்கண்ணே" என்றேன். கல்யாணமாகி வந்தபின் வெளி ஆளிடம் நான் குரல் உயர்த்தியது அன்றுதான். என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். மறுநாள் காற்று தணிந்து கப்பல் தானாக வந்து சேர்ந்தது. மாமியாரும் இறங்கினார், சிமெண்ட்டும் இறங்கியது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு யாரும் வரவில்லை.

அந்த மாதமே கொழுந்தனார் நடு அந்தமானில் இருக்கிற ரங்கத் ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். பலகையை எடுத்துப் போகச் சொன்னேன். "வேண்டாம் அண்ணி, அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. அப்படியே இருக்கட்டும்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு நான் அடுக்களையில் போய் அழுதேன்.

அடுத்த வருஷம் நானும் என் வீட்டுக்காரரும் படகேறி அவரைப் பார்க்க ரங்கத் போனோம். அறை பூட்டியிருந்தது. பஸ் நிற்கும் இடத்தில் உள்ள டீக்கடையில் பாருங்கள் என்றார்கள். கடை பெஞ்சில் நாலு பேர் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பேக்கிங் பெட்டி அட்டை ஒன்று. கிட்டே போய்ப் பார்த்தால் கப்பலாட்டம். எங்களுக்கு முன்னாலேயே கடல் தாண்டி வந்து சேர்ந்துவிட்டிருந்தது. எந்த ஒட்டும் போடாத முதல் நகலைப் பார்த்து வரைந்திருக்க வேண்டும், நங்கூரக் கட்டம் முழுசாக இருந்தது. அதில் கொழுந்தனாரின் காய் மாட்டிக்கொண்டு நின்றது. அவர் சோழியை உருட்டினார், தாயம் விழவில்லை. மறுபடியும் உருட்டினார். தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டு, "எந்த மடப்பயய்யா இந்தக் கட்டத்தைப் போட்டது? கையில கிடைச்சான்னா தொலைச்சேன்" என்று கத்தினார். "அப்படிச் சொல்லுங்க சார், உருப்படாத பய" என்று பக்கத்திலிருந்தவர் அவர் தோளில் தட்டினார். நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். முகம் வெளுத்தது. நான் அவரைத் தெரியாதவள்போல் கடைக்காரரிடம் டீ கேட்டு வாங்கிக் குடித்தேன். அவர் மறுபடி அட்டைக்குக் குனிந்தார். ஓய்வு பெறும்வரை அவர் ரங்கத்தைவிட்டு வரவேயில்லை. அந்த ஆட்டத்தைச் செய்தது யார் என்று கடைசிவரை அங்கே யாருக்கும் சொல்லவுமில்லை.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே பலகையைத் தம்பி மகள் முன்னால் வைத்தேன். இந்த ஊர் ஈரத்தில் பசை செத்துப்போயிருந்தது. விரல் பட்டதும் ஒட்டுகள் எல்லாம் ஒரே கொத்தாகக் கையோடு வந்துவிட்டன. அடியில் பச்சை மசியில் பழைய எழுத்து அப்படியே இருந்தது. தாயம் விழும்வரை நில். அவள் அதைத் தடவிப் பார்த்தாள், கண்கூடக் கலங்கியது. பாவம் அத்தை அவர், இந்த ஜனங்களுக்கு ஏன் இப்படிப் புத்தி போகிறது என்றாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வாங்க ஆடலாம் என்றாள்.

ஆடினோம். நான் சீக்கிரமே ஜெட்டியில் இறங்கிவிட்டேன். அவள் காய் நங்கூரக் கட்டத்தில் போய் நின்றது. உருட்டினாள், விழவில்லை. உருட்டிக்கொண்டே இருந்தாள், விழவேயில்லை. கடைசியில் சோழிகளைப் பலகைமேல் வீசிவிட்டு, "என்ன அத்தை இது, கொஞ்சமாவது யோசிச்சுச் செஞ்சிருக்க வேண்டாமா அவர்?" என்றாள்.

நான் டீ போட எழுந்தேன்.