அப்பா ஏற முடியாத ஜீப்

டயரைப் பற்றி ஒரு மனிதன் மணிக்கணக்காகப் பேச முடியும் என்பது எனக்குக் கல்யாணமாகிப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை என் கணவர் ஆபீஸ் அரசியலைப் பற்றியும், சாம்பாரில் உப்பு கம்மி என்பதைப் பற்றியும்தான் பேசிக்கொண்டிருந்தார். அது எவ்வளவோ தேவலாம்.

ஜீப் வாங்கியதற்கு நியாயமான காரணம் இருந்தது. என் அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் மேற்குத் தாம்பரத்தில் டயாலிசிஸ். அம்மா போன பிறகு அவர் செம்பாக்கத்தில் எங்களோடுதான் இருக்கிறார். எங்கள் தெரு ஏரிக்குப் பக்கம். ஏரி நிரம்பினால் தண்ணீருக்கு எங்கள் வாசல்தான் வழி. ஒரு மழையில் பழைய கார் நட்டநடுத் தெருவில் நின்றுபோய், அப்பாவை முழங்கால் தண்ணீரில் நடத்திக் கூட்டிக்கொண்டு போனோம். அன்றைக்குத்தான் கணவர் சொன்னார்: "இனிமே மாமாவைத் தண்ணில இறங்க விடமாட்டேன். நாலு சக்கரமும் இழுக்கற வண்டியா வாங்கறேன்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணீரைத் திருப்பிக் கேட்டு வாங்க முடிந்தால் வாங்கிக்கொள்வேன்.

வண்டி சின்னதுதான், ஆனால் உறுதியாக இருந்தது. கதவின் மேல் இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்பா தானாகவே முன்சீட்டில் ஏறிக்கொள்வார். அதோடு விட்டிருக்கலாம். என் கணவர் விடுவாரா? துரை, ஜீப் வைத்திருப்பவர்களின் வாட்ஸப் குரூப் ஒன்றில் சேர்ந்தார். அதில் இருப்பவர்கள் எல்லாரும் வேளச்சேரி ரோட்டு நெரிசலில் ஆபீஸ் போய்வந்து மாதத் தவணை கட்டுகிற ஆசாமிகள். பேச்சைக் கேட்டால் மட்டும் தினம் இமயமலையில் ஏறி இறங்கிவிட்டுத்தான் பல் விளக்குவார்கள் போல இருக்கும். "இன்னும் கம்பெனி டயர்லயே ஓட்டறியா மச்சான்?" என்று அதில் ஒருவன் கேட்டுவிட்டான். எங்கள் வீட்டு மகராசனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து திரும்பும் வழியில், ராஜகீழ்ப்பாக்கத்துப் பக்கம் ஒரு டயர் கடையில் "சும்மா அஞ்சு நிமிஷம்" என்று வண்டியை நிறுத்தினார். டயாலிசிஸ் முடிந்தால் அப்பா துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருப்பார். அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தோம். நாலு பக்கமும் ரப்பர் நாற்றம். இவர் சேற்றில் ஓட்டுவதற்கென்று பெரிய பெரிய பட்டன் மாதிரிக் கட்டைகள் வைத்த மண் டயரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்தபோது என்னைக்கூட அவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை.

கடைக்காரர் பேச்சில் கெட்டி. "சார், இந்த சைஸு போட்டா ஸ்டியரிங்க ஃபுல்லா ஒடிக்கசொல்ல உள்ள உரசும். வண்டிய கொஞ்சம் மேல தூக்கிட்டா மேட்டர் ஓவர். இத்த போட்டுகினு ரோட்ல போனீங்கன்னா அவன் அவன் திரும்பிப் பாப்பான் சார்."

"தூக்கிடுங்க" என்றார் இவர், யோசிக்காமல்.

"அப்புறம் அப்பா எப்படிங்க ஏறுவாரு?" என்று கேட்டேன்.

"கொஞ்சூண்டு ஹைட்டுதானே. மாமாவுக்கும் எக்ஸர்சைஸ் ஆச்சு."

அப்பா நாற்காலியிலிருந்தே "பரவால்லம்மா, மாப்பிள்ளைக்கு ஆசையா இருக்கு" என்றார்.

டயரும் புது அலாய் ரிம்மும் போட்டு, வண்டியின் உயரத்தைக் கூட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சர்க்கஸில் கட்டைக்கால் கட்டிக்கொண்டு நடப்பானே, அவன் மாதிரி நின்றது. தூக்கியும் உரசல் நிற்கவில்லை. சக்கரத்துக்கு உள்பக்கம் இருந்த பிளாஸ்டிக்கை வெட்டினார்கள், அப்படியும் எங்கள் தெரு முனையில் ஒரே ஒடிப்பில் திரும்ப முடியாமல் பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டியிருந்தது. நல்ல தார்ரோட்டில் மாவு மில் மாதிரிச் சத்தம். சக்கரம் வெளியே துருத்திக்கொண்டதால் குட்டையைக் கடந்தால் சேறு முழுக்க நம் கதவின் மேலேயே. சரி, இந்த மனிதர் எந்தக் காட்டுக்கு, எந்த மலைக்குப் போனார் என்று நினைக்கிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை கேம்ப் ரோட்டுக்குப் போய்ப் பிரியாணி வாங்கி வந்தார்.

முதல் நாள் அப்பா பழக்கத்தில் காலைத் தூக்கினார். பாதம் படியைத் தொடவில்லை. மறுபடியும் தூக்கினார். அப்புறம் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு, கைப்பிடியை விட்டார். அந்தச் சிரிப்பை இவர் பார்க்கவில்லை. ரிம்மில் கோடு விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து பிளாஸ்டிக் முக்காலி ஒன்று வண்டியோடு வந்தது. நான் முக்காலியைப் போட்டு, அப்பாவின் இடுப்பைப் பிடித்து ஏற்றுவேன். ஆஸ்பத்திரி வாசல் ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு டிரைவர் கிண்டல் பண்ணாமல் விடமாட்டார். "இன்னாக்கா, பெர்சு ஏர்றதுக்கு ஏணி இட்டாந்துகீறியா?" அவரே வந்து ஒரு கை கொடுப்பார். எனக்கு மானம் போகும்.

வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ரெட் அலர்ட் என்று டிவியில் சொன்னதுமே கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் வண்டியைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் ஓரத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு நடந்து வருவார்கள். சின்ன கார்க்காரன் செய்கிறான், அதில் தப்பே இல்லை. அன்று மத்தியானம் இவரும் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"எங்கங்க?"

"தாம்பரம் பாலத்துல விட்டுட்டு வந்துடறேன். ஊரே அங்கதான் விடுது."

"தண்ணில போறதுக்குன்னுதானே இந்த வண்டியே வாங்கினீங்க?"

"உனக்குப் புரியாது. அழுக்குத் தண்ணில நின்னா புது ரிம்மு வீணாப் போயிடும்."

தலையில் அடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

இரவெல்லாம் கொட்டித் தீர்த்தது. காலையில் தெருவில் முழங்கால் தண்ணீர். அப்பாவின் டயாலிசிஸ் அன்று தவறியது. மறுநாள் அவர் பாதம் வீங்கிப் பளபளவென்று இருந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கி, சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால் வண்டி எல்லாம் வெளியில், காத்திருங்கள் என்றார்கள். டயாலிசிஸ் நர்ஸ் போனில் சொன்னது இதுதான்: "இன்னிக்கு எப்படியாவது கூட்டிட்டு வந்துடுங்க. இனி தள்ளக்கூடாது, உயிருக்கே ஆபத்து."

"நான் போய் வண்டியை எடுத்துட்டு வரேன்" என்று இவர் பேண்ட்டை மடித்துக்கொண்டு, குடையோடு கிளம்பினார். அடேயப்பா, வாசலில் நின்று திரும்பிப் பார்த்த பார்வையில் எத்தனை வீரம்! வெகுநேரம் ஆளைக் காணோம். போன் செய்தேன்.

"பாலத்துலதான் நிக்கறேன். தண்ணி இன்னும் கொஞ்சம் வடியட்டும்னு பாக்கறேன். இஞ்சின்ல போயிட்டா இன்ஷூரன்ஸ்காரன் தரமாட்டான்."

"அப்பாவுக்கு மூச்சு வாங்குதுங்க."

"கொஞ்ச நேரம்தானே. பதறாதே."

போனை வைத்தேன். நான் கட்டிக்கொண்டது என்ன மாதிரியான ஜந்து என்று அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது.

அப்போது எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவரின் மினி லாரி, தேய்ந்துபோன பழைய டயரோடு, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் வழியை மறித்தேன். கேட்டு முடிப்பதற்குள் அவர் இறங்கிவிட்டார்.

"இன்னாக்கா இதுக்குப் போய் அழுதுகினு. தோ, போயிடலாம்."

அப்பாவை அப்படியே தூக்கித் தன் சீட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். நான் கதவோரம் ஒண்டிக்கொண்டேன். மெயின் ரோடு வரைக்கும் நத்தை மாதிரி ஊர்ந்தோம். கிழக்குத் தாம்பரம் தாண்டி மேம்பாலம் ஏறியதும்தான் எனக்கு மூச்சே வந்தது.

பாலத்தின் ஓரம் முழுக்கக் கார்கள். வரிசையின் நடுவே எங்கள் ஜீப், தொட்டில் குழந்தைக்குப் போர்த்திய மாதிரிக் கவர் போர்த்தி நின்றது. பக்கத்தில் என் கணவர் குந்தியிருந்தார். குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கைக்குட்டையால் ரிம்மில் தெறித்திருந்த சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். கொட்டுகிற மழையில்.

மினி லாரியின் சத்தத்தில் நிமிர்ந்து பார்த்தார். உள்ளே எங்களைக் கண்டதும் எழுந்து கையைக் காட்டினார்.

"மாப்பிள்ளை நனையறாரும்மா" என்றார் அப்பா, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியபடி. "நிறுத்தச் சொல்லு. அவரையும் ஏத்திக்கலாம்."

கேன்காரர் பிரேக்கில் காலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நிறுத்தாதீங்கண்ணா" என்றேன். "நேரமாகுது. நீங்க போங்க."