ஒலிபெருக்கியில் துஷாந்தினியின் குரல்

அளவெட்டியில் தனியார் கல்வி நிலையமொன்றில் பௌதிகவியல் கற்பிக்கும் துஷாந்தினி, வானலையில் தூர தேசத்தாரோடு பொழுதுபோக்காகப் பேசும் அமெச்சூர் வானொலி அனுமதி பெற்றவர். கடலுக்குப் போகாமல் விடப்பட்ட படகொன்றின் பழைய சிற்றலை வானொலிப் பெட்டியை வாங்கி, அதன் சுருள்களை மாற்றிச் சுற்றி, அமெச்சூர்களுக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசைக்குக் கொண்டுவந்திருந்தார். அன்ரனாக் கம்பிக்கு வேலியோரப் பனைகள் போதுமாயின. ஆனால் கம்பி ஏறிய நாள்முதல் அவருக்கு நிம்மதியில்லை. உயரத்தில் புதிய கம்பி தெரிந்தால், யார் இழுத்தது, யாரோடு பேச என்று கேட்கும் ஊர் அது. அனுமதிப் பத்திரத்தின் பிரதி எப்போதும் அவருடைய கைப்பையில் இருந்தது.

கோயிலில் கொடியேறிய மறுநாள் பின்னேரம், ஒலிபெருக்கிக்காரர் சுரேஸ் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"அக்கா, நாதஸ்வரத்துக்கை நீங்கள் இங்கிலீசிலை ஆரையோ கூப்பிடுறியள். தவில்காரர் என்னை முறைக்கிறார்."

"என்ரை குரல்தானோ?"

"ஒழுங்கை முழுக்கக் கேட்டது. ஆமிக்காரன்ரை வயர்லெஸ் எண்டு ஒரு கிழவர் வீட்டுக்கை ஓடிப்போட்டார்."

துஷாந்தினி சிரிக்கவில்லை. பின்னாலேயே கோயில் மனேச்சர் கனகலிங்கமும் வந்துவிட்டார்.

"பிள்ளை, பூசைக்கு முதல் வயரைக் கழட்டு. இல்லாட்டிப் பொலிசுக்குத்தான் சொல்லவேணும்."

ஒரு முறைப்பாடு போனால் பெட்டியும் அனுமதியும் சேர்ந்தே போய்விடும் என்று துஷாந்தினி அஞ்சினார். வேலியோரம் நடந்து அண்ணாந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. வேலிக்கு அப்பால் ஒடுங்கிய ஒழுங்கை நெடுகப் போன ஒலிபெருக்கி வயர், அவருடைய பனைகளிலேயே, அன்ரனாவுக்கு நேர் கீழே கட்டப்பட்டிருந்தது. கம்பிக்குச் சமாந்தரமாக நீளமாக ஓடிய அந்த வயர், அவர் அனுப்பியதையெல்லாம் அள்ளிக்கொண்டிருந்தது.

"ஆரைக் கேட்டு இதிலை கட்டினனீர்?"

"கோயில் வயர் கட்டுறதுக்கு ஆரக்கா கேக்கிறது?"

துஷாந்தினி மனேச்சர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, என்ரை கம்பியைக் குறுக்கை திருப்பிப் பாக்கிறன். பிறகும் கேட்டால் நானே கழட்டுறன்."

"கேட்டால் பெட்டியும் நிக்காது, சொல்லிப்போட்டன்."

கம்பியின் ஒரு முனையைப் பனையிலிருந்து அவிழ்த்து, கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் துலாவைத் தாங்கும் துலாக்காலில் கட்டினார்கள். சுரேஸ் கோயிலுக்குப் போய் ஒலிபெருக்கியை இயக்கினார். மனேச்சர் ஒழுங்கையில் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்றார். துஷாந்தினி ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்தித் அனுமதியோடு கிடைத்த எழுத்துகளும் எண்ணுமான தம் அழைப்புக்குறியைச் சொன்னார்.

"கதைச்சனியோ பிள்ளை?"

"ஓம் ஐயா, கதைச்சனான்."

"ஒண்டும் கேக்கேல்லை. சரி, உன்ரை வயர் நிக்கட்டும். ஆனால் பூசை நேரத்திலை வாய் திறக்கப்படாது."

அவர் போனதும் துஷாந்தினியை வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. துலாக்கால் பனையளவு உயரமில்லை. ஒழுங்கையில் கேட்காத குரல் கடலுக்கப்பால் மட்டும் கேட்குமா? மீண்டும் அழைத்தார். இரைச்சல். மீண்டும் அழைத்தார். இரைச்சலுக்குள் எங்கோ தூரத்திலிருந்து யாரோ அவருடைய அழைப்புக்குறியைத் திருப்பிச் சொன்னார்கள், ஓர் எழுத்து பிழையாக.

துஷாந்தினி யன்னல் வழியே ஒலிபெருக்கியைப் பார்த்தபடி, குரலைத் தாழ்த்தினால் அதற்குக் கேட்காது என்பதுபோல, மெதுவாகத் திருத்திச் சொன்னார்.