ஹற்றனில் பாடாத பாட்டு

பேச்சியம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். பாசமெல்லாம் அதற்குப் பிறகு மெதுவாக வந்து சேரும். அன்றைக்குத் தலையை ஒரு தரம் ஆட்டியிருந்தால் போதும், வாயைக்கூடத் திறந்திருக்க வேண்டாம். ஆட்டினாளா அவள்?

அறுபத்திரண்டாம் ஆண்டு. இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே பிள்ளைக் காம்பராவில் நான் ஆயா. கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக் கொடுத்து, தொட்டில் ஆட்டி, மூக்கைத் துடைத்துவிடுவது என் வேலை. பேச்சி எங்கள் லயத்திலேயே, ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தாள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் சோலைமலையின் மூத்த மகள். பதினெட்டு வயது. ஆள் ஒல்லி, பேச்சும் குறைவு. ஆனால் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மலையில் ஏறிவிட்டால் அவளுக்குப் பாட்டு வந்துவிடும். கூரைத் தகரம் ஒழுகுவதற்கு ஒரு பாட்டு, கங்காணி கந்தப்பனின் மீசைக்கு ஒரு பாட்டு, தீபாவளிக்கு வாங்கிய சேலை சாயம் போனதற்கு ஒரு பாட்டு.

காலையில் அவள் கட்டிய பாட்டு மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வந்துவிடும். பொழுது சாய்வதற்குள் மேல் டிவிசனில் கேட்கும். போகிற வழியில் ஆளுக்கு ஓர் அடி சேர்த்துக்கொள்வார்கள். யார் கட்டியது என்று எவரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. எங்கள் தோட்டத்தில் பாட்டுக்குச் சொந்தக்காரர் என்று யாரும் கிடையாது.

பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவள் வேலாயி. பேச்சிக்கு உயிர்த் தோழி. கல்யாணமாகி வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். பேச்சி ஓர் அடி பாடினால் அடுத்த அடியை எடுத்துக் கொடுப்பவள் வேலாயிதான். குரல் மட்டும் தகர டின்னைத் தட்டினாற்போல் இருக்கும். அதைப் பற்றி அவளுக்கு ஒரு வெட்கமும் இல்லை.

கடைவீதியில் இஸ்ஸதீன் நானா கடைக்குச் சீனி வாங்கப் போனபோதுதான் நான் அந்த நோட்டீஸைப் பார்த்தேன். ஹற்றனில் ஒரு சங்கீத சபை, இளையோருக்குப் பாட்டியற்றும் போட்டி வைக்கிறதாம். அந்த நாளில் எந்த நோட்டீஸைக் கண்டாலும் எங்கள் கண் முதலில் தேடுவது, எங்களில் பலருக்கு இல்லாத பிரஜாவுரிமையைக் கேட்டிருக்கிறார்களா என்பதைத்தான். கேட்கவில்லை. இருபத்தொரு வயதுக்குள் இருக்க வேண்டும். சொல்லும் மெட்டும் பாடுபவரின் சொந்தமாக இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. கடைசி விதி, பாட்டு இதற்கு முன் எங்கும் பொதுவில் பாடப்பட்டதாக இருக்கக் கூடாது. முதற்பரிசு பெறும் பாட்டை, இயற்றியவரின் பெயரைச் சொல்லி வானொலியில் ஒலிபரப்புவதற்கு ஏற்பாடு செய்வார்களாம்.

அன்று சாயந்தரம் லயத்து வாசலில் அதை அவளுக்குச் சொன்னேன். வயது, நேரம் எதிலும் அவள் மனம் நிற்கவில்லை.

"எம் பேரைச் சொல்லுவாங்களா அக்கா?"

"ஆமா. இந்தப் பாட்டை இயற்றியவர் பேச்சியம்மான்னு சொல்லுவாங்க."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பிள்ளைக்கு இப்படியோர் ஆசை இருந்தது இத்தனை நாளும் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று மனசு கஷ்டப்பட்டது.

கடைசி விதியில்தான் வந்தது வில்லங்கம். பேச்சிக்கு வாய்க்குள் பாட்டுக் கட்டத் தெரியாது. வாய்விட்டுப் பாடித்தான் கட்டுவாள். அவள் பாடினால் நிரை முழுக்கப் பாடும். நிரை பாடினால் மறுநாள் பொகவந்தலாவையே பாடும். இதற்கு வழி கண்டுபிடித்தவள் வேலாயி. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சட்டம் போட்டாள்.

"ஹற்றன் முடியிற வரைக்கும் மலையில எவளும் பாடக் கூடாது. பழைய பாட்டும் கூடாது. ஒருத்தி ஆரம்பிச்சா இவ வாய் சும்மா இருக்காது, புதுசு தானா வெளிய வந்துரும். பேச்சி, நீ ஆத்தோரம் போய்த் தனியா நின்னு கட்டு. என்கிட்டக்கூடப் பாடாத. என் வாயைப் பத்தித்தான் ஒனக்குத் தெரியுமே."

"ஒனக்குக் கேக்க ஆசையா இல்லியாடி?"

"ஆசைதான். ஹற்றன்ல பாடிட்டு வந்து மொதல்ல எனக்குத்தான் பாடணும். வேற எவளுக்காச்சும் பாடுனே, அப்புறம் இருக்கு ஒனக்கு."

மறுநாளிலிருந்து மலையில் சத்தமே இல்லை. கொழுந்து கிள்ளும் சத்தமும் அட்டைக் கடிக்கு யாராவது சீ என்று உதறுவதும்தான். பொம்பளைகள் இப்படி ஊமையாக நின்றால் அது ஸ்டிரைக்குக்குத்தான் என்று கந்தப்பன் கங்காணி முடிவு கட்டிவிட்டார். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கிடம் சொல்ல, கண்டாக்கு துரையிடம் சொல்ல, சின்னத்துரை நாயையும் கூட்டிக்கொண்டு மலைக்கு வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்.

"என்னாங்கடி, சங்கத்துல ஏதும் சொல்லி வச்சிருக்காங்களா?" என்றார் கங்காணி.

"இல்லீங்க. பல்லு வலி" என்றாள் வேலாயி.

"அம்புட்டுப் பேருக்குமா?"

"கூட்டமா வந்திருச்சுங்க."

கடைசியில் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டபின் மனிதர் அடியோடு மாறிவிட்டார். தன் மலையிலிருந்து ஒருத்தியின் பெயர் வானொலியில் வரப்போகிறது என்றதும் அவரே காவலுக்கு நின்றார். உரம் போடப் போன ஒருவன் சீழ்க்கையடித்ததற்கு அவன் அப்பன் வரைக்கும் இழுத்துத் திட்டினாராம். இப்படியொரு கூத்து வேறெங்காவது நடந்திருக்குமா?

ஆற்றோரத்தில் பேச்சி பாட்டைக் கட்டி முடித்தாள். எனக்கும் பாடிக் காட்டவில்லை. எதைப் பற்றி என்று மட்டும் சொன்னாள். மலையில் மூடுபனி இறங்கினால் பக்கத்து நிரையில் நிற்கும் ஆள் தெரியாது. ஒருத்தி பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், மற்றவள் ஓ என்பாள். ஆள் இருக்கிறாள், சரிந்து விழவில்லை என்று அதில் தெரிந்துகொள்வோம். அந்தக் கூப்பாட்டைத்தான் அவள் பாட்டாக்கியிருந்தாள். என்னுடைய பெயரைச் சபைக்கு அனுப்புவதுபோல் அத்தனை கவனமாக அவள் பெயரை எழுதி அனுப்பினேன்.

போட்டி சனிக்கிழமை. அந்த வாரம் அடைமழை. புதன்கிழமை விடியற்காலை வேலாயிக்கு வலி கண்டது. மருத்துவச்சியை அழைத்து வந்தார்கள், அவள் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்த லொறி அவளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. பாதையில் மண் சரிந்து கிடந்ததால் பாதி வழியில் நின்றுவிட்டது. மண்ணை அள்ளிக்கொண்டிருக்கும்போதே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். அந்தக் காலையை நான் விரித்து எழுதப்போவதில்லை. என்னால் முடியாது.

தோட்டமே கூடிவிட்டது. தப்பு அடித்தார்கள். பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். பேச்சி மட்டும் வேலாயியின் கால்மாட்டில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அழவும் இல்லை, பாடவும் இல்லை. சாவு வீட்டில் முதல் குரல் எடுக்க வேண்டியவளே அவள்தான் என்பதால் எல்லோரும் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

வேலாயியின் தாய் அழகம்மா தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தாள்.

"ஏம்மா பேச்சி, ஒரு பாட்டுக் கட்டி வச்சிருக்கியாமே? ஹற்றன் முடிஞ்சதும் எனக்குத்தான் மொதல்ல பாடுவான்னு எம் மக தெனமும் சொல்லிக்கிட்டுக் கெடந்தா. கேக்காமலே போறாளே. பாடி அனுப்பி வைம்மா."

முன்கூட்டிப் பாடக் கூடாது என்ற விதி அந்தத் தாய்க்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். சுற்றி நின்ற நிரைக்காரிகள் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. வாசலில் நின்ற கந்தப்பன் கங்காணி தப்படிப்பவர்களைக் கைகாட்டி நிறுத்தினார்.

பேச்சி பாடினாள்.

"பனி மூடிப் போச்சுதடி, பக்கத்து நெரை தெரியலடி,
பேரு சொல்லிக் கூப்பிடுறேன், கொரலு குடுடி என் தோழி."

ஒவ்வோர் அடியின் முடிவிலும் ஓ என்று மறுகுரல் வருவதற்கு அவள் இடம் விட்டுக் கட்டியிருந்தாள். பாடும்போதும் அந்த இடத்தை விட்டாள். ஒருவரும் ஓ என்று சொல்லவில்லை. அது வேலாயி சொல்ல வேண்டியது. பாட்டு முடிந்தபோது கங்காணி துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அப்படியோர் அழுகையை நான் அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் அவளை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். வேறு பாட்டுக் கட்டு என்றேன். வரவில்லை அக்கா என்றாள். சரி, அதையே பாடு, சாவு வீட்டில் பாடியதை எவன் போய் ஹற்றனில் சொல்லப்போகிறான் என்றேன். அவள் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சபையின் மண்டபத்தில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் சபையின் செயலாளர், யாழ்ப்பாணத்து மனிதர், வெள்ளை வேட்டி, மூக்குக் கண்ணாடி. நல்ல மனிதர் என்று பார்த்ததுமே தெரிந்தது. எங்கள் ஈரச் சேலையைப் பார்த்துவிட்டு முதலில் தேத்தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பெயர், வயது எல்லாம் கேட்டு எழுதினார்.

"பிள்ளை, இந்தப் பாட்டை முந்தி எங்கையாவது பாடினனீரோ?"

நான் பேச்சியின் கையைக் கிள்ளினேன்.

"பாடுனேங்கய்யா. புதன்கெழமை. எங்க தோட்டத்துல, ஒரு சாவு வீட்டுல."

அவர் பேனாவை நிறுத்தினார். விஷயத்தைக் கேட்டார். நானே எல்லாவற்றையும் சொன்னேன்.

"செத்த வீட்டிலை பாடினது கணக்கில்லைப் பிள்ளை. அது பொது இடமில்லை. ஒருத்தரும் கேக்கேல்லை எண்டு எழுதிவிடுறன். சரியோ?"

எனக்கு அவர் காலில் விழலாம்போல் இருந்தது. சரி என்று அவள் தலையை ஆட்ட வேண்டியதுதான்.

"கேட்டாங்கய்யா" என்றாள் பேச்சி.

"அது எனக்கும் விளங்குது. இது ஒரு எழுத்துக்குத்தான்."

"தோட்டமே கேட்டுச்சுங்கய்யா. வேலாயியும் கேட்டா."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "ரெண்டு பேரும் கதைச்சுப்போட்டுச் சொல்லுங்கோ" என்று எழுந்து ஜன்னலோரம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். வேண்டுமென்றேதான் போனார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் காதில் திட்டினேன். உன் பெயரை வானொலியில் சொல்ல வேண்டாமா, வேலாயி இருந்தால் உன்னைச் செருப்பாலேயே அடிப்பாள் என்றேன்.

"அடிப்பாதான் அக்கா. ஆனா ஒருத்தரும் கேக்கலன்னு எழுதுனா, அன்னிக்கு அங்க இருந்த நம்மல்லாம் யாரு?"

 என் கோபம் அப்படியே இருந்தது. செயலாளர் திரும்பி வந்தபோது அவள் அதையே மறுபடியும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மிகவும் மெதுவாக, மனமில்லாமல், அவள் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

பின் வரிசையில் உட்கார்ந்து போட்டியைக் கேட்டோம். நுவரெலியாவிலிருந்து ஆர்மோனியத்தோடு வந்த ஒரு பையனுக்கு முதற்பரிசு. சூரிய உதயத்தைப் பற்றிப் பாடினான். நாங்கள் தினமும் விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடும்போது பார்க்கும் அந்தச் சூரியனை அவன் ஒருநாளாவது எழுந்து பார்த்திருப்பானா என்பது சந்தேகம். பேச்சி அவனுக்கும் கைதட்டினாள்.

திரும்பும் பஸ்ஸில் நோர்வுட் தாண்டியதும் கேட்டாள்.

"நா ஜெயிச்சிருப்பேன்ல அக்கா?"

"ஆமா."

அதற்குப் பிறகுதான் அழுதாள். வேலாயிக்கும் சேர்த்து அழுதாளோ, பரிசுக்கு மட்டும்தானோ, நான் கேட்கவில்லை. அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். கோபத்தையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தோட்டத்துப் பாதை பிரியும் இடத்தில் பஸ் நின்றது. அங்கே அழகம்மா நின்றுகொண்டிருந்தாள். கருமாதி முடியாத வீட்டுக்காரி, தூறலில் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றாள். இதற்குள் யாரோ அவளிடம் அந்த விதியைப் பற்றி அரைகுறையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

"என்னம்மா ஆச்சு? நா அன்னிக்குப் பாடச் சொன்னதுல ஏதும் கெட்டுப்போச்சா?"

பேச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போனாள். ஹற்றனில் ஒரு சின்னப் பொய்க்கு வளைந்து கொடுக்காத அந்த வாய், இங்கே ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"அதெல்லாம் ஒண்ணும் கெடல ஆயி. பாடுனேன். நுவரெலியாவுலேருந்து ஒரு பையன் வந்திருந்தான். என்னைவிட ரொம்ப நல்லாப் பாடிட்டான்."

அழகம்மா என்னைப் பார்த்தாள்.

"ஆமா ஆயி, நல்ல கொரலு அவனுக்கு" என்றேன் நான்.