பொத்தான் டப்பாவில் கேரட்

எங்கள் தெரு டெய்லரம்மா கண்ணாலேயே அளவெடுப்பவர். "போன தடவைக்கு இடுப்பு ஒரு இன்ச் கூடியிருக்கு" என்று வாசலிலேயே சொல்லி மானத்தை வாங்குவார். இருபது வருடப் பழக்கம், பொறுத்துக்கொள்கிறேன். அந்தக் கண்ணையே அவர் வளர்த்த கிளி ஒரு மாதம் ஏமாற்றிவிட்டது.

கிளிக்குச் சூப்பர்வைசர் என்று பட்டப்பெயர். மெஷின் ஓடும் சத்தம், கத்தரிச் சத்தம், பொத்தானைக் கொத்த வரும்போதெல்லாம் டெய்லரம்மா போடும் "தொடாதே", எல்லாவற்றையும் அப்படியே திருப்பிச் சொல்லும். அவர் கணவருக்கு ஆஸ்துமா. கிளியும் மூச்சை இழுக்க ஆரம்பித்தபோது, அவரைத்தான் கிண்டல் செய்கிறது என்று எல்லாரும் சிரித்தோம். நானும்தான். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் ஊசியில் நூல் கோத்தபடி டெய்லரம்மா நிமிர்ந்தார். கிளி சத்தமே போடவில்லை. ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் அதன் வால் ஏறி இறங்கியது; இது கிண்டல் இல்லை, நிஜ இழுப்பு. தைத்துக்கொண்டிருந்த சட்டையைப் பாதியில் போட்டுவிட்டுக் கூண்டைத் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினார்.

"என்ன சாப்பிடுது?" என்றார் டாக்டர்.

"சூரியகாந்தி விதைதாங்க. வேற எதுவும் வாயில வைக்காது."

"அதுல வைட்டமின் ஏ ரொம்பக் கம்மி. அது இல்லேன்னா மூக்கு, தொண்டை உள்தோல் தடிச்சுப்போயி கிருமி சுலபமா ஏறிடும். மருந்து தரேன். விதையக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, கேரட், பூசணி, கீரை பழக்குங்க. இல்லேன்னா திரும்ப வரும். அப்போ தாங்காது."

வீட்டில் சூப்பர்வைசர் கேரட்டை ஒவ்வொன்றாக வெளியே எறிந்தது. கணவர் மனசு கேட்காமல் விதை டப்பாவை எடுத்தார்.

"பட்டினி போட்டே கொன்னுடுவ போலிருக்கே."

"நீங்க பாசத்துல கொல்லாம இருந்தா போதும்" என்று டெய்லரம்மா டப்பாவைப் பிடுங்கி, அன்றைக்கு உரிய விதையை மட்டும் எடுத்துக்கொண்டு பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அப்புறம் மெஷின் முன் உட்கார்ந்து யோசித்தார். பொத்தான் டப்பாவைக் காலிசெய்து கழுவினார். வேகவைத்த கேரட்டை வட்டமாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் ஊசியால் இரண்டு ஓட்டை போட்டு டப்பாவில் அடுக்கினார். மூடியைத் திறந்துவைத்து, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு சொன்னார்: "தொடாதே."

அடுத்த நிமிடம் ஒரு பொத்தான் திருட்டுப்போனது. துப்பத்தான் போகிறது என்று நினைத்தார். மென்றது. மறுநாள் பூசணிப் பொத்தான்.

மருந்து முடிந்தது. ஐந்தாவது வாரம் ஒரு காலை, டெய்லரம்மா மெஷினை நிறுத்திக் காதுகொடுத்தார். கூண்டில் வால் ஆடவில்லை. உள்ளறையிலிருந்து கணவரின் இழுப்பு மட்டும் வந்தது. வாய்விட்டுச் சிரித்தார்.

"எனக்கு மூச்சு இழுக்குது, உனக்குச் சிரிப்பு வருதா?" என்று கணவர் எழுந்து வந்தார்.

"உங்களுக்கு மட்டும்தாங்க இழுக்குது" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.