‘ஃப்யூ’ என்றால் எத்தனை

என் வீட்டுக்காரி ரத்தப் பரிசோதனை லேபில் பத்தொன்பது வருஷமாக மைக்ராஸ்கோப் பார்க்கிறவள். அவளிடம் ‘கொஞ்சம்’ என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட முடியாது. “கொஞ்சம் லேட்டாகும்னா எத்தனை நிமிஷம்?” என்பாள். நானோ பஸ் கண்டக்டர். காலை ஊன்ற வழியில்லாத பஸ்ஸில் “கொஞ்சம் இடம் இருக்கு, ஏறுங்க” என்று ஆளை ஏற்றிப் பிழைக்கிறவன். ஏழாம் பொருத்தம்தான்.

ரிப்போர்ட்டில் ‘கொஞ்சம்’ என்பதற்கு எழுதுகிற ‘ஃப்யூ’ என்ற இங்கிலீஷ் வார்த்தைக்குக்கூட அவளிடம் கணக்கு உண்டு. லென்ஸில் தெரிவது ஒரு வட்டம். பத்து வட்டம் பார்த்து, கோளாறான அணு ஒன்றோ இரண்டோ தென்பட்டால் ‘ஃப்யூ’. மூன்றானால் அந்த வார்த்தையைத் தொடமாட்டாள். “உசிரக் கையில பிடிச்சுட்டு வெளியில உக்காந்திருப்பாங்க. வாய்க்கு வந்ததை எழுதலாமா?” என்பாள். டாக்டர்கள் ‘சம்’, அதாவது ‘ஏதோ சில’ என்று மழுப்பினால் பற்றிக்கொண்டு வரும் அவளுக்கு.

இரண்டு மாசமாக எனக்கு விடாத காய்ச்சல். டாக்டர் ரத்த அணுக்களைப் பார்க்கச் சொன்னார். சொந்தக்காரரின் ரத்தம் தடவிய கண்ணாடி ஸ்லைடு வந்தால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவது லேப் வழக்கம். மகராசி கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள்.

நான் வெளியே பெஞ்சில். உட்கார்ந்தேன், எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி உட்கார்ந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. கோளாறான அணு ஒன்றுக்கு ஒருமுறை என்று கையிலிருக்கும் எண்ணும் கருவியை அமுக்குவாள். டிக் என்று கேட்கும். வீட்டில் சொல்லிச் சொல்லி எனக்கும் அத்துப்படி. டிக். டிக். பத்தைத் தாண்டியதும் பெஞ்சை விட்டு எழுந்துவிட்டேன். பதினேழில் நின்றது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடி பதினேழு. மூன்றாவது தடவை பதினெட்டு. எத்தனை தடவை எண்ணினால் குறையும், பைத்தியக்காரி?

வெளியே வந்தாள். கையில் ரிப்போர்ட் இல்லை. முகம் கழுவியிருந்தாள்.

“என்னம்மா, எவ்வளவு இருக்கு?”

“ஃப்யூதாங்க,” என்றாள். “கொஞ்சந்தான்.”

எத்தனை என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் சொன்ன பொய்யைப் பார்க்க அதைவிடப் பாவமாக இருந்தது.

“கொஞ்சந்தானே, அப்புறம் என்ன? வா, டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்,” என்றேன்.

நாலடி நடந்தவள் நின்று லேபைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஏங்க, நான் உள்ள இருக்கும்போது கதவைச் சாத்தியிருந்தேனா?”

“சாத்தித்தான் இருந்துச்சு,” என்றேன்.